ஓசிக் கதவா? பொது வழியா?

சென்ற வாரம் ஒரு கூட்டத்தின் பொருட்டு நாம் பேராவூரணிக்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து, கடைத்தெருவில் ஒரு டீக்கடைப் பலகையில் உட்கார்ந்து தோழர்கள் பத்துப் பன்னிரண்டு பேருடன் பேசிக்கொண்டிருக்கையில், தென்னந்தோப்பு வைத்துப் பிழைக்கும் வயதான தோழர் ஒருவர் நம்மை ஒரு கேள்வி கேட்டார். அதை அவர் வாக்கிலேயே எழுதுகின்றோம்.

"அய்யா, நீங்க எப்பவும் ஏழை பக்கம் பேசுறவங்க. மாசம் பொறந்தா செல்போனுக்கு ரீசார்ஜ் போடுறதே எங்களுக்குப் பெரும் பாடா இருக்கு. சில வருசத்துக்கு முந்தி ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி, ஏழைகளுக்கு இன்டர்நெட்டை ஓசியிலே கொடுக்கறேன்னு வந்துச்சாம். படிச்சவங்க எல்லாம் கூச்சல் போட்டு அதை நிறுத்திட்டாங்களாம். வயிறு நெறஞ்சவன் பசிச்சவனோட கஞ்சிக் கலயத்தைத் தட்டிவிட்ட கதைதானே இது? பட்டினி கெடக்குறவனுக்கு அரைக் கலயம் கஞ்சி மேலில்லையா?"

கேட்டவர் வம்புக்குக் கேட்கவில்லை. கூட இருந்தவர்களிலும் பாதிப் பேருக்கு மேல், "அவர் சொல்றது ஞாயந்தானே" என்று தலையசைத்தார்கள். ஆதலால் கைதட்டு வாங்கும்படி ஏதோ ஒரு பதிலைச் சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவது யோக்கியமாகாது என்று கருதி, நமக்குத் தெரிந்த வரையில் விஷயத்தை ஆதியோடந்தமாய் இவ்வாரம் எழுதத் துணிந்தோம். வாசகர்கள் நிதானமாய்ப் படித்துப் பார்த்து, தங்கள் புத்திக்குச் சரி என்று பட்டால் ஒப்புக்கொள்ளட்டும், இல்லையேல் தள்ளிவிடட்டும்.

முதலாவது, அந்தத் தோழர் சொன்னதில் பாதி முழு உண்மை என்பதை ஒப்புக்கொண்டுவிடுகின்றோம். செல்போனில் இன்டர்நெட் என்பது இன்று பொழுதுபோக்குச் சாமானாக மாத்திரம் இல்லை. பட்டா, சிட்டா நகல் எடுப்பதும், கொள்முதல் நிலையத்தில் நெல் போடப் பதிவு செய்வதும், பிள்ளைகளின் பரீட்சை முடிவு பார்ப்பதும், காலேஜுக்கு மனுப் போடுவதும், பாங்கியில் எவ்வளவு பணம் நிற்கிறது என்று தெரிந்துகொள்வதும், கடலில் காற்று எப்படி என்று அறிவதும் இன்று அதன் மூலமாகவே நடக்கின்றன. கையில் நெட் உள்ளவன் விரல் நுனியில் முடித்துவிடும் காரியத்துக்கு, நெட் இல்லாதவன் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் சார்ஜும் கொடுத்து, கம்ப்யூட்டர் சென்டர் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கின்றது. ஆகவே நெட் இல்லாமை என்பது இன்று ஒருவிதத் தாழ்ந்த நிலைமை ஆகிவிட்டது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. அதை எந்த வழியில் போக்குவது என்பதுதான் கேள்வி.

கடைமடைக்காரர் அறிந்த கணக்கு

பேராவூரணிக்காரர்களுக்கு இதை விளக்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. மேட்டூர் அணைத் திட்டத்தோடு வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாயின் கடைமடையில் இருக்கிறவர்கள் அவர்கள். தலைமடைக்காரன் வயல் நிறைந்து வழியும்போதும் கடைமடைக்காரன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும் கஷ்டம் அவர்களுக்கு அனுபவ பாத்தியமானது.

அப்படிக் காய்ந்து கிடக்கும் ஊருக்கு ஒரு பெரிய பணக்காரன் வருகிறான் என்று வைத்துக்கொள்வோம். "உங்களுக்கெல்லாம் நான் ஓசியில் தண்ணீர் விடுகின்றேன். ஆனால் நான் எழுதிக் கொடுக்கும் பட்டியலில் உள்ள பயிரைத்தான் வைக்கவேண்டும். வேறு பயிருக்கு என் தண்ணீர் பாயாது. மடைக்குச் சாவி என்னிடம் இருக்கும். யார் வயலுக்கு எவ்வளவு பாய்ந்தது என்ற கணக்கும் என்னிடமே இருக்கும்" என்று சொல்லுகின்றான். முதல் வருஷம் ஜனங்கள் சந்தோஷப்படுவார்கள் என்பது மெய்தான். இரண்டாம் வருஷம் பட்டியலில் பாதியை அடித்துவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது? மூன்றாம் வருஷம் கால்வாயைத் தூர் வாருங்கள் என்று சர்க்காரிடம் மனுக் கொடுத்தால், "உங்களுக்குத்தான் தண்ணீர் வருகின்றதே, இன்னும் எதற்கு?" என்ற பதில்தானே வரும்? அரைக் கலயம் கஞ்சியில் உள்ள சூது இதுதான். அது பசியைத் தீர்ப்பதில்லை. ஆனால் பசி என்று வாய்விட்டுக் கேட்கும் பாத்தியதையை மாத்திரம் தீர்த்துவிடுகின்றது.

இதை உவமைக்காக நாம் கற்பனை செய்து சொல்லுவதாக யாரும் நினைக்க வேண்டாம். செல்போனை இன்டர்நெட்டோடு சேர்ப்பது எப்படி என்ற இந்தச் சண்டை ஒருமுறைக்கு இருமுறை நடந்து, இரண்டு தடவையும் அனுபவம் ஒரே பாடத்தைத்தான் கற்றுக் கொடுத்திருக்கின்றது.

முதல் சண்டை

1997-ம் வருஷம் நோக்கியா, எரிக்ஸன், மோட்டரோலா முதலிய பெரிய கம்பெனிகள் ஒன்றுகூடி, செல்போனில் இன்டர்நெட்டைக் கொண்டுவர "வேப்" என்றொரு முறையை ஏற்பாடு செய்தன. அக்காலத்துச் செல்போனுக்குக் கண்ணாடியோ கட்டைவிரல் அகலம். வேகமோ நத்தை வேகம். ஆகையால் உலகமெல்லாம் கம்ப்யூட்டரில் எழுதிவந்த பாஷை செல்போனுக்கு உதவாது என்று சொல்லி, அதற்கென்று ஒரு தனிப் பாஷையை உண்டாக்கினார்கள். செல்போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் மத்தியில் ஒரு வாசற்படி யந்திரத்தையும் உட்கார வைத்தார்கள். நீ கேட்பது அதன் வழியாய்ப் போகவேண்டும். பதிலும் அதன் வழியாகவே வரவேண்டும். அந்த யந்திரமோ செல்போன் கம்பெனிக்காரன் கையில். பக்கம் வருவதற்குக் காத்திருக்கும் நேரத்துக்கெல்லாம் டெலிபோன் பேசுவதுபோல நிமிஷக் கணக்கில் காசு ஓடிற்று. அய்ரோப்பாவில் ஜனங்கள் அந்த முறையின் பெயரையே திரித்து, "காத்திரு, காசைக் கட்டு" என்று கேலி செய்தார்கள்.

தனியாக ஒரு பாஷை, மத்தியில் ஒரு தரகன், வாசலில் ஓர் உண்டியல் என்கின்ற இந்த ஏற்பாட்டை நமது வாசகர்கள் வேறு இடங்களிலும் பார்த்திருக்கக்கூடும். எந்த இடம் என்று நாம் சொல்லவேண்டியதில்லை.

அதே சமயத்தில் ஜப்பானில் டோகோமோ என்னும் கம்பெனி 1999 பிப்ரவரியில் "அய்-மோட்" என்ற வேறொரு முறையைத் தொடங்கிற்று. அவர்கள் தனிப் பாஷை எதையும் சிருஷ்டிக்கவில்லை. உலகம் எழுதும் அதே பாஷையில் செல்போனுக்கு வேண்டாத சிலவற்றைக் கழித்துவிட்டுச் சுருக்கமாக வைத்துக்கொண்டார்கள். அதனால் கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் எழுதத் தெரிந்த எந்தப் பையனும் செல்போனுக்கும் ஒரு பக்கம் எழுத முடிந்தது. கம்பெனியின் சொந்தப் பட்டியல் ஒன்று இருந்ததென்றாலும், பட்டியலில் இல்லாத இடத்தின் விலாசத்தைத் தட்டினாலும் அங்கே போக முடிந்தது. காசும் நிமிஷத்துக்கு என்றில்லாமல், வந்த சரக்கின் அளவுக்கு என்று வாங்கினார்கள். கம்பெனி தன் பட்டியலில் உள்ளவர்களுக்காகப் பணம் வசூலித்துக் கொடுத்து, அதில் நூற்றுக்கு 9 பங்கு எடுத்துக்கொண்டது. பலன் என்னவென்றால், இரண்டே வருஷத்தில் 2 கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் அதில் சேர்ந்தார்கள்.

அய்-மோட்டும் தர்ம சத்திரமல்ல. லாபத்துக்கு நடந்த வியாபாரந்தான். ஜப்பானுக்கு வெளியே அது அவ்வளவாக வேர் பிடிக்கவுமில்லை. ஆனாலும் எந்தக் கொள்கை ஜெயித்தது என்று பார்க்கவேண்டும். சில வருஷங்களுக்குள் வேப் முறையே தன் தனிப் பாஷையைக் கைவிட்டுப் பொதுப் பாஷைக்கு வந்து சேர்ந்தது. 2007-க்குப் பிறகு வந்த செல்போன்களோ முழு இன்டர்நெட்டையும் நேராகவே படிக்க ஆரம்பித்துவிட்டன. மத்தியில் தரகனை வைத்த வழி அழிந்தது. பொதுப் பாஷையை நம்பிய வழி நின்றது.

நம் நாட்டில் அக்காலத்துக் கம்பெனிகள் நடத்திய மெனு வியாபாரத்தை நாமும் அனுபவித்திருக்கின்றோம். ஒரு தடவை நாம் தெரியாமல் ஏதோ ஒரு பொத்தானை அழுத்திவிட, தினமும் ராசிபலன் அனுப்புவதாகச் சொல்லி நம் கணக்கிலிருந்து மாதம் 30 ரூபாயை ஒரு கம்பெனி எடுத்துக்கொண்டே இருந்தது. ஜோசியம் பொய் என்று ஊர் ஊராய்ப் பேசித் திரியும் நமக்கே ராசிபலனை விற்றுக் காசு வாங்கிய சாமர்த்தியத்தை மெச்சத்தான் வேண்டும்! இவ்விதமான கொள்ளை ஊரெங்கும் நடந்து புகார்கள் குவிந்த பிறகே, 2013-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமாகிய "டிராய்" தலையிட்டு, வாடிக்கைக்காரனின் சம்மதத்தை இரண்டு தடவை கேட்ட பிறகே காசு எடுக்கவேண்டும் என்று உத்தரவிட்டது. வாசற்படியைத் தன் கையில் வைத்துக்கொண்டிருக்கிறவன் என்ன செய்வான் என்பதற்கு இது ஒரு சின்ன உதாரணம்.

இரண்டாவது சண்டை

நிற்க, தோழர் கேட்ட ஓசி இன்டர்நெட்டின் கதைக்கு வருவோம். 2015 பிப்ரவரியில் பேஸ்புக் கம்பெனி, ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் கம்பெனியோடு சேர்ந்து, தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாகாணங்களில் "இன்டர்நெட்.ஆர்க்" என்ற ஏற்பாட்டைத் தொடங்கிற்று. அந்த வருஷம் செப்டம்பரில் அதற்கு "ஃப்ரீ பேசிக்ஸ்" என்று பெயரை மாற்றினார்கள். "பேசிக்ஸ்" என்றால் அடிப்படையானவை என்று அர்த்தம். ஓசியில் கிடைத்தது 30-க்குச் சற்று மேற்பட்ட இடங்கள் மாத்திரமே. பேஸ்புக் அதில் உண்டு. அந்த நாளில் உலகத்தில் கோடிக்கணக்கான இடங்கள் இருக்க, மற்றவை எல்லாம் காசுக்குத்தான். ஆட்சேபணை கிளம்பிய பிறகு, மற்றவர்களும் மனுச் செய்து உள்ளே வரலாம் என்றார்கள். ஆனால் என்ன நிபந்தனைப்படி வரவேண்டும் என்பதைத் தீர்மானிப்பவர்களும் அவர்களே. போக்குவரத்து முழுவதும் அவர்களுடைய யந்திரத்தின் வழியாகவே போயிற்று. பழைய வாசற்படி யந்திரம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டது!

2015 டிசம்பரில் டிராய் இது விஷயமாகப் பொதுஜன அபிப்பிராயம் கேட்டபோது, பேஸ்புக் கம்பெனி பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் செய்தது. அதன் தலைவர் ஜுக்கர்பெர்க், ஒரு மராட்டிய விவசாயியை உதாரணம் காட்டி, இந்த ஓசியை எதிர்க்கிறவர்கள் ஏழைகளுக்கு விரோதிகள் என்று அர்த்தப்படும்படி ஒரு கட்டுரையும் எழுதினார். ஏழையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகின்ற எல்லாப் பணக்காரர்களிடத்திலும் நாம் ஒன்று கேட்பது வழக்கம்: அந்த ஏழையை நீங்கள் கலந்துகொண்டீர்களா? அவனுக்கு எது அடிப்படை என்று தீர்மானிக்க உங்களுக்கு அதிகாரம் கொடுத்தவன் யார்?

இது வெறும் வாதமல்ல என்பதற்கு நம் கடற்கரையிலேயே அத்தாட்சி இருக்கின்றது. 1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் புதுச்சேரியைச் சேர்ந்த கிராமங்களில் தகவல் நிலையங்களை ஏற்படுத்தினார்கள். அவற்றுள் ஒன்று வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊர். அங்கே அமெரிக்கக் கடற்படையார் இன்டர்நெட்டில் வெளியிடும் அலை உயரக் கணக்கை எடுத்து, தமிழில் சொல்லி, ஒலிபெருக்கி வைத்து ஊருக்கெல்லாம் அறிவித்தார்கள். கடலுக்குப் போவதா, கரையில் நிற்பதா என்பதை அதைக் கேட்டு மீனவர்கள் முடிவு செய்தார்கள்.

தோழர்களே! இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். "தென்னிந்திய மீனவனுக்கு அடிப்படையானவை இன்னின்ன" என்று எவ்வளவு பெரிய அறிவாளி ஒரு பட்டியல் எழுதினாலும், அதில் அமெரிக்கக் கடற்படையின் இடத்தைச் சேர்த்திருப்பானா? அதைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், அந்த ஊர்க்காரர்களுக்குக் கிடைத்தது முழு இன்டர்நெட்டாக இருந்ததே. மல்லிப்பட்டினத்திலும் சேதுபாவாசத்திரத்திலும் படகு தள்ளும் மீனவனுக்கும், பேராவூரணியில் தென்னை வைத்திருப்பவனுக்கும் நாளைக்கு எது உயிர் காக்கும் என்பதை இன்றைக்கு எவனாலும் பட்டியல் போட்டுச் சொல்ல முடியாது. ஆகவே பட்டியல் என்பதே தப்பு.

கடைசியாக, 2016 பிப்ரவரி 8-ந் தேதி டிராய் ஓர் ஒழுங்குவிதி வெளியிட்டது. இன்ன இடத்துக்குப் போனால் இலவசம், இன்ன இடத்துக்குப் போனால் கட்டணம் என்று சரக்கைப் பார்த்து விலை வைக்கக்கூடாது; மீறினால் நாள் ஒன்றுக்கு 50,000 ரூபாய் வீதம் 50 லட்சம் வரை அபராதம் என்று தீர்ப்பாயிற்று. சில நாட்களுக்குள் பேஸ்புக் அந்த ஏற்பாட்டை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது.

பிறகு ஏழை என்ன ஆனான்?

"சரி, ஓசியைத் தடுத்தீர்கள். அதற்குப் பிறகு எங்களுக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்க அந்தத் தோழருக்குப் பாத்தியதை உண்டு. டிராய் கணக்குப்படி 2014-ல் ஒரு ஜிபி சுமார் 269 ரூபாய் விற்றது. 2018-ல் அது 12 ரூபாய்க்குள் வந்துவிட்டது. 2016 செப்டம்பரில் ஜியோ கம்பெனி வந்து, 2017 மார்ச் வரை முழு இன்டர்நெட்டையும் இலவசமாய்க் கொடுத்ததும், மற்றக் கம்பெனிகள் பதறிக்கொண்டு விலையை இறக்கியதுமே இதற்குக் காரணம். ஆகவே பட்டியல் இன்டர்நெட் இல்லாவிட்டால் ஏழைக்கு நாதியில்லை என்று சொன்னவர்களின் வாக்கு இரண்டு வருஷத்துக்குள் பொய்த்துப் போய்விட்டது.

ஆனால் இதையும் நாம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். விலை இறங்கியது யாருடைய கருணையாலும் அல்ல. போட்டியால் இறங்கியது. போட்டி குறைந்தால் விலை ஏறும். அந்தப் போட்டியில் பல கம்பெனிகள் மாண்டு போயின. நமது தமிழ்நாட்டில் வீட்டுக்கு வீடு இருந்த ஏர்செல், 2018 பிப்ரவரியில் திவாலாகி, ஜனங்கள் தங்கள் நம்பரைக் காப்பாற்றிக்கொள்ள அலைந்து திரிந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஃப்ரீ பேசிக்ஸ் கொண்டுவந்த ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் கம்பெனியும் கடனில் மூழ்கிவிட்டது. அதன் பிறகு மூன்று தனியார் கம்பெனிகளும் சர்க்கார் பி.எஸ்.என்.எல்.லுமே பெரும்பாலும் மிச்சம். 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒன்றன்பின் ஒன்றாய் விலையை ஏற்றின. "ரீசார்ஜ் போடுவது பெரும் பாடாக இருக்கின்றது" என்று பேராவூரணித் தோழர் முறையிட்டது இதனால்தான். இப்படி விலை ஏறுகின்ற சமயமே ஓசிக் கதவைத் தூக்கிக்கொண்டு எவனாவது மறுபடியும் வருவதற்கு ஏற்ற சமயம். அதனால்தான் பழைய கதை என்று விட்டுவிடாமல் இதை எழுதுகின்றோம்.

பர்மா சொல்லும் பாடம்

ஓசிக் கதவு திறந்திருந்த தேசம் ஒன்றையும் பார்ப்போம். நமது தஞ்சை ஜில்லாக்காரர்கள் ஒரு காலத்தில் கப்பலேறிப் பிழைக்கப் போன பர்மாவில், 2016-ல் ஃப்ரீ பேசிக்ஸ் தொடங்கப்பட்டு 2017-ல் நிறுத்தப்பட்டது. அந்நாட்டில் ரோஹிங்கியா முஸ்லிம்களுக்கு நேர்ந்த கொடுமைகளைப் பற்றி விசாரித்த அய்க்கிய நாடுகள் சபையின் குழு 2018-ல் கொடுத்த அறிக்கையில், அங்கே பெரும்பாலானவர்களுக்குப் பேஸ்புக் என்பதே இன்டர்நெட்டாக இருந்தது என்றும், துவேஷத்தைப் பரப்புகிறவர்களுக்கு அது உபயோகமான கருவியாக இருந்தது என்றும் கண்டிருக்கின்றது. அங்கே நடந்த அக்கிரமங்களுக்கெல்லாம் ஓசி இன்டர்நெட்டே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது பொய்யாகும். ஆனால் ஒரே ஒரு வாசலை மாத்திரம் உலகம் என்று நம்பும்படி ஜனங்களை விடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு அது சாட்சி.

நமது பிரசாரத்துக்கும் இதற்கும் நேரான சம்பந்தம் உண்டு. இன்று ஜோசியனும், மந்திரித்த தாயத்து விற்கிறவனும், ஒரே வேரில் சர்க்கரை வியாதியைத் தீர்ப்பதாகச் சொல்லுகிறவனும் செல்போனுக்குள் வந்து குடியேறிவிட்டார்கள். "பார்த்தீர்களா, திறந்த இன்டர்நெட்டினால்தான் இந்தப் புரட்டெல்லாம் வருகின்றது, நல்லவற்றை மாத்திரம் பொறுக்கிக் கொடுப்பது மேல்" என்று நம்மவரிலேயே சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கு நாம் சொல்லுவதாவது: பட்டியல் வைத்த இடத்திலும் புரட்டு நுழையாமல் இருக்கவில்லை. வித்தியாசம் என்னவென்றால், அங்கே புரட்டு ஓசியில் வரும். அது மெய்தானா என்று பார்க்க வேறு இடத்துக்குப் போகவேண்டுமானால் காசு கேட்கும். பொய் இலவசம், விசாரணைக்குக் கட்டணம் என்கின்ற ஏற்பாட்டைவிடப் பகுத்தறிவுக்கு விரோதமானது வேறு என்ன இருக்க முடியும்? பொது ரஸ்தாவில் திருடனும் நடக்கத்தான் நடப்பான். அதற்காக ரஸ்தாவை ஒருவனுக்கு எழுதிக் கொடுத்துவிடலாமா?

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன?

"இது வேண்டாம், அது வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஏழைக்கு என்ன வழி என்று சொல்லாவிட்டால் நமது வாதம் வயிறு நிறைந்தவன் வாதமாகவே முடியும். ஆகவே சொல்லுகின்றோம்.

முதலாவது, ஏழைக்கு இலவசம் வேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. அது முழு இன்டர்நெட்டாக இருக்கவேண்டும் என்பதே நமது நிபந்தனை. இதைச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஏனெனில் அதே டிராய், 2016 டிசம்பரில், கிராமத்து ஜனங்களுக்கு மாதம் 100 எம்.பி. இலவசமாய்க் கொடுக்கலாம், எந்த இடத்தைப் பார்க்கிறார்கள் என்ற பேதம் இருக்கக்கூடாது என்று சர்க்காருக்குச் சிபாரிசு செய்தது. அதற்கான பணமும் புதிதாய் வரி போட்டு வசூலிக்க வேண்டியதில்லை. கிராமங்களுக்குத் தொலைபேசி வசதி செய்வதற்கென்று கம்பெனிகளின் வருமானத்தில் நூற்றுக்கு 5 வீதம் எடுத்து 2002 முதல் ஒரு நிதி சேர்க்கப்பட்டு வருகின்றது. "டிஜிட்டல் பாரத் நிதி" என்று அதற்கு இப்போது பெயர். அந்தக் கம்பெனிகளின் வருமானம் எங்கிருந்து வந்தது? நாம் போட்ட ரீசார்ஜிலிருந்து வந்தது. ஆகவே அது பிச்சையல்ல. நம் சொந்தப் பணம். அப்படியிருக்க அந்தச் சிபாரிசு காகிதத்தோடு நின்றுபோயிற்று. 100 எம்.பி. என்பது இன்றைய தேவைக்குப் போதாது என்பதும் உண்மை. அளவைக் கூட்டி, குறைந்த வருமானக்காரர்களுக்கு முதலில் கொடுக்க ஆரம்பிக்கட்டும்.

இரண்டாவது, வழி ஒன்றாக இருக்கக்கூடாது. 2018 நவம்பர் 16-ந் தேதி கஜா புயல் அடித்தபோது பேராவூரணிப் பக்கத்தில் தென்னை மரங்கள் வரிசை வரிசையாய்ச் சாய்ந்ததையும், கரண்டு கம்பங்களும் செல்போன் டவர்களும் விழுந்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் தவித்ததையும் அங்குள்ள ஒவ்வொரு குடும்பமும் சொல்லும். டவர் ஒன்றையே நம்பியிருந்தால் டவர் போன அன்று எல்லாம் போயிற்று. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் தரைவழிக் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுவரும் வேலையைத் தமிழ்நாடு சர்க்காரின் டான்ஃபினெட் 2022-ல் தொடங்கிற்று. அந்தக் கம்பி ஊராட்சி ஆபீஸ் பீரோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டால் யாருக்கு என்ன பிரயோஜனம்? அங்கிருந்து வாசகசாலைக்கும், பள்ளிக்கூடத்துக்கும், சேரிக்கும், மீனவர் குப்பத்துக்கும் வைஃபையாகப் போய்ச் சேரவேண்டும்.

மூன்றாவது, 2020 டிசம்பரில் மத்திய சர்க்கார் அனுமதித்த "பி.எம்.-வாணி" என்ற ஏற்பாட்டின்படி, டீக்கடைக்காரரும் பெட்டிக்கடைக்காரரும் லைசென்ஸ் இல்லாமலே தங்கள் கடையில் வைஃபை வைத்து, 5 ரூபாய்க்கும் 10 ரூபாய்க்கும் இன்டர்நெட்டைச் சில்லறையில் விற்கலாம். ஒரு காலத்தில் எஸ்.டி.டி. பூத் எப்படி ஊர் ஊருக்கு டெலிபோனைக் கொண்டுபோய்ச் சேர்த்ததோ, அதைப் போன்ற ஏற்பாடு இது. மாதம் முழுவதற்கும் ஒரே தொகை கொடுக்க முடியாத கூலிக்காரனுக்கு ஏற்றது. இதில் கடைக்காரருக்குப் பெரிய கம்பெனிகள் லைனை அதிக விலைக்கு விற்றதால் அது தலையெடுக்கவில்லை. 2025 ஜூனில் டிராய் தலையிட்டு, வீடுகளுக்கு வாங்கும் கட்டணத்தில் இரண்டு மடங்குக்கு மேல் இக்கடைகளிடம் வாங்கக்கூடாது என்று வரம்பு கட்டியிருக்கின்றது. நமது இயக்கத் தோழர்களில் கடை வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இப்போது ஆகாயத்திலிருந்து செயற்கைக்கோள் வழியாகவும் இன்டர்நெட் வருகின்றது. ஸ்டார்லிங்க் கம்பெனிக்கு 2025-ல் உரிமம் கொடுத்துவிட்டார்கள். அதுவும் வரட்டும். எந்தப் புது வழி வந்தாலும் நாம் பயப்படவும் வேண்டாம், பரவசப்படவும் வேண்டாம். மூன்றே மூன்று கேள்விகள் கேட்டால் போதும். ஒன்று, நான் எங்கே போகலாம் என்று பட்டியல் போடுகிறவன் யார்? இரண்டு, மத்தியில் உட்கார்ந்து என் கணக்கைப் பார்க்கிறவன் யார்? மூன்று, இவன் கதவை மூடிவிட்டால் நான் போக வேறு வழி இருக்கின்றதா? இந்த மூன்றுக்கும் நேரான பதில் சொல்ல முடியாதவன், காசு வாங்கினாலும் ஓசியில் கொடுத்தாலும், வாசற்படியில் உண்டியல் வைக்கிறவன்தான்.

இன்னொரு சங்கதியும் சொல்லி முடிக்கின்றோம். அன்று டீக்கடையில் நம்மைச் சூழ்ந்திருந்தவர்களில் ஒரு பெண்கூட இல்லை. "உங்கள் வீட்டில் செல்போன் யார் கையில் இருக்கின்றது?" என்று நாம் கேட்டதற்கு, அநேகமாய் எல்லோரும் சிரித்துக்கொண்டே தங்கள் சட்டைப் பையைத் தொட்டுக் காண்பித்தார்கள். கேரள உயர்நீதிமன்றம் 2019-ல், இன்டர்நெட்டை அடையும் உரிமை படிப்பு உரிமையைச் சேர்ந்தது என்று தீர்ப்புச் சொன்னது, விடுதியில் செல்போனைப் பிடுங்கியதற்கு இணங்காத ஒரு மாணவியின் வழக்கில்தான். பேஸ்புக்காரன் ஏழைக்குப் பட்டியல் போட்டால் அது அக்கிரமம் என்று கொதிக்கின்ற நாம், நம் வீட்டு மகளுக்கும் மனைவிக்கும் "இதுதான் உனக்குப் போதும்" என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தால், நமக்கும் அந்தக் கம்பெனிக்காரனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

கேள்வி கேட்ட வயதான தோழருக்கு நமது வந்தனம். கஞ்சிக் கலயத்தைத் தட்டிவிடும்படி நாம் சொல்லவில்லை. கலயத்தை அவன் கையிலிருந்து வாங்க வேண்டாம், களஞ்சியத்தின் சாவியில் நமக்குள்ள பங்கைக் கேளுங்கள் என்றுதான் சொல்லுகின்றோம். பேராவூரணியைச் சுற்றியுள்ள ஊராட்சிகளில் அடுத்த கிராமசபை கூடும்போது, "எங்கள் ஊராட்சிக்குக் கம்பி வந்ததா? வந்திருந்தால் யாருக்கு வேலை செய்கின்றது? கிராமத்துக்கு இலவச இன்டர்நெட் என்ற சிபாரிசு என்ன ஆயிற்று?" என்று பத்துப் பேர், அதிலே அய்ந்து பேர் பெண்களாக, எழுந்து நின்று கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றி அனுப்பட்டும். கால்வாய்த் தண்ணீர் கடைமடைக்கு வந்ததெல்லாம் கேட்டு வந்ததே தவிர, கும்பிட்டு வந்ததல்ல.